ஆலைக்குத் தணிக்கை, பாட்டாளி வீட்டுக்கு?

அரியலூர் மண்ணைக் கையில் அள்ளிப் பாருங்கள், தோழர்களே! ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி அது. சங்கும் நத்தையும் கல்லாகிக் கிடக்கும் பூமி. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லைத் தோண்டித்தான் ரெட்டிப்பாளையத்திலும், கோவிந்தபுரத்திலும், கீழப்பழுவூரிலும் சிமெண்டு ஆலைகளின் புகைபோக்கிகள் நிமிர்ந்து நிற்கின்றன. கல் உடைப்பவனும், மூட்டை தூக்குபவனும், லாரி ஓட்டுபவனும் நம் தோழர்கள். அவர்கள் வியர்வையில் விளைந்த சிமெண்டு, நாடெங்கும் மாடியாகிறது, மாளிகையாகிறது.

அந்த ஆலைகளுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். பெருமளவு எரிபொருளும் மின்சாரமும் செலவிடும் சிமெண்டு ஆலை, தன் செலவைக் கணக்கெடுக்க ஆற்றல் மேலாளர் ஒருவரை வைத்திருக்க வேண்டும்; அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளரை அழைத்துச் சோதிக்க வேண்டும். சூளையில் எவ்வளவு சூடு வீணாகிறது, அரைவை எந்திரம் எத்தனை யூனிட் விழுங்குகிறது என்று அளந்து, எதை மாற்றினால் எத்தனை ஆண்டில் போட்ட பணம் திரும்பும் என்று கணக்குக் காட்டுவார் தணிக்கையாளர். அதன் பிறகே ஆலை முதலாளி பணப்பெட்டியைத் திறப்பார். 2012 முதல் இத்தகைய ஆலைகளுக்குச் சேமிப்பு இலக்கும் விதிக்கப்பட்டது.

நல்லது. நாம் குறை கூறவில்லை. அளந்து பார்த்துச் செலவு செய்வது அறிவுடைமை. நாம் கேட்பதெல்லாம், ஆலைக்கு உண்டான அந்த அறிவுடைமை ஆலைத் தொழிலாளி வீட்டு வாசலை ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான்!

அவன் வீட்டில் நடப்பது வேறு. கரண்டு பில் ஏறுகிறது. கடைக்காரர், "பிரிட்ஜ் பழசு அண்ணே, அதுதான் குடிக்குது. ஐந்து நட்சத்திரம் வாங்கிப் போடுங்க, மாதத் தவணை இருக்கு" என்கிறார். அளந்தது யார்? யாருமில்லை. விற்பவனே வைத்தியன், விற்பவனே மருந்து!

2023 கோடையில் நாம் ஒரு தோழர் வீட்டில் இதைக் கண்ணாரக் கண்டோம். இரண்டு மாதத்திற்கு 540 யூனிட். அப்போது நடப்பிலிருந்த, 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 2,270 ரூபாய். தவணையில் புதுப் பிரிட்ஜ் வந்தது. அடுத்த கணக்கு 515 யூனிட், 2,070 ரூபாய். இருநூறு ரூபாய் மிச்சம்; தவணையோ அதைப் போல் பல மடங்கு. தோழர் முகம் வாடிப்போயிற்று. அவரும் நாமும் மீட்டர் முன் உட்கார்ந்தோம். ஒவ்வொன்றாக நிறுத்தினோம், ஒவ்வொன்றாக ஓடவிட்டோம். கள்வன் சமையலறையில் இல்லை, கிணற்றடியில் இருந்தான்! ஒரு குதிரைத்திறன் மோட்டார். அரை மணியில் நிறைய வேண்டிய தொட்டிக்கு ஒன்றேகால் மணி ஓடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்த புட்வால்வு பழுது. குழாய் மூட்டில் கசிவு. நாளுக்கு முக்கால் மணி வீண் ஓட்டம், ஏறத்தாழ முக்கால் யூனிட். இரு மாதத்தில் நாற்பத்தைந்து!

சில நூறு ரூபாயில் பழுது தீர்ந்தது. அடுத்த கணக்கு 470 யூனிட்; 1,545 ரூபாய். இருபத்தைந்து யூனிட் குறைந்தபோது இருநூறு. நாற்பத்தைந்து குறைந்தபோது ஐந்நூற்று இருபத்தைந்தா என்று வியக்காதீர்கள். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் முதற்படியில் கிடைத்த இரண்டேகால் ரூபாய்ச் சலுகையும் பறிபோகும் வகையில் அமைந்த கட்டணம் அது. அந்தக் கோட்டுக்கு மேலிருக்கிறோமா, கீழிருக்கிறோமா என்பதை அறியாமல் பொருள் வாங்கினால், கையில் விளக்கில்லாமல் இருட்டில் நடப்பது போலத்தான். பின்னர் விகிதங்கள் மாறின. அளந்து பார்க்க வேண்டிய தேவை மாறவில்லை.

விசிறியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விசிறி 75 வாட். நாளுக்குப் பதினாறு மணி ஓடினால் இரு மாதத்தில் 72 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். அதே ஓட்டத்திற்கு 29 யூனிட்டே. ஆனால் நாலு மணி மட்டும் ஓடும் திண்ணை விசிறியை மாற்றினால் மிச்சம் பதினொன்றுதான். எந்த விசிறியை முதலில் மாற்றுவது? கடைக்காரருக்குத் தெரியாது; வீட்டில் கணக்கெடுத்தவருக்குத் தெரியும்.

அந்த விசிறி எதைச் சுழற்றுகிறது? சித்திரை வெயிலில் பெரம்பலூரில் ஒரு கான்கிரீட் கூரையின் கீழ் இரவு படுத்தவர்களைக் கேளுங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கூரை, இரவெல்லாம் அதைக் கக்குகிறது. விசிறி சூட்டைத்தான் வாரி இறைக்கிறது. உடனே ஏ.சி. என்கிறார்கள். கூரை மேல் வெள்ளை பூசினால் சூடு எவ்வளவு இறங்கும் என்று முதலில் பார்த்தவர் உண்டா? தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. சுண்ணாம்புக்கல்லின் மேலேயே குடியிருக்கும் நமக்கோ, கூரைக்கு ஒரு வாளி சுண்ணாம்பு பூச நினைவில்லை!

டில்லியும் வீடுகளுக்கென ஒரு விதித்தொகுப்பை 2018இல் வெளியிட்டது. யாருக்கு? 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் எழும் குடியிருப்புகளுக்கு. அதாவது 5,380 சதுர அடி! கலைஞர் கனவு இல்லத்தின் அளவோ 360 சதுர அடி. அந்த விதியின் கண்ணுக்கு நம் தோழர் வீடு தெரியவே தெரியாது.

பணக்கார நாடான அமெரிக்காவே 1976இல் ஏழைக் குடும்பங்களுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதன்படி முதலில் ஆள் வந்து வீட்டைச் சோதிப்பார்; எந்த இடுக்கில் குளிர் நுழைகிறது என்று கண்டறிவார்; பிறகே பழுது பார்ப்பார்கள். வீட்டுக்காரரிடம் காசு கேட்பதில்லை. அவர்கள் தடுப்பது குளிரை. நாம் தடுக்க வேண்டியது வெயிலை. முறை ஒன்றே.

இங்கே முடியாதா? ஐ.டி.ஐ.யில் மின்பணி பயிலும் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மின்வாரியமும் அரசும் மனம் வைத்தால், அவர்கள் கையில் ஓர் அளவைக் கருவி கொடுத்து, ஊதியமும் கொடுத்து, வீடு வீடாக அனுப்பலாம். ஆள்வோர் யாராயினும் நாம் இதைக் கேட்போம். சலுகையாகக் கேட்கவில்லை, ஆலைக்கு உள்ளது ஆலைத் தொழிலாளிக்கும் வேண்டும் என்று கேட்கிறோம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவே வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் சிவப்பு விளக்கு துடித்தால் எங்கோ கசிவோ, அணையாத கருவியோ இருக்கிறது. உடனே மின்பணியாளரை அழையுங்கள், நீங்களே கம்பியில் கை வைக்காதீர்கள். மறுநாள் பிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு, ஓரிரவுக்கு எத்தனை யூனிட் என்று குறியுங்கள். மோட்டார் ஓடும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்திற்கு வரும்போது அந்தத் தாளையும், ஓராண்டுக் கணக்குள்ள மீட்டர் அட்டையையும் கொண்டு வாருங்கள். எத்தனை வீட்டில் எத்தனை யூனிட் வீணாகிறது என்று கூட்டிப் பார்த்து, அந்தக் கணக்கோடுதான் மின்வாரிய அலுவலகப் படியேற வேண்டும்.