பம்பை அடிக்கு எத்தனை மார்க்?

முதல்ல ஒரு குட்டிக் கணக்கு. கணக்குன்னதும் பக்கத்தைத் திருப்பிடாதீங்க, இது ரொம்ப ஈஸி. இன்ஜினீயரிங் கட்-ஆஃப் மொத்தம் 200. அதுல மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. மியூசிக்குக்கு எவ்வளவு? பூஜ்யம். சொந்தமா ஒரு வெப் பக்கம் செஞ்சா? அதுக்கும் பூஜ்யம்தான்! அப்போ, மார்க்கே வராத இந்த ரெண்டுக்காகவும் ஒரு பதினாறு வயசுப் பையன் தூக்கத்தைக் குறைச்சுக்கிறான்னா, அவன் லூசா, விவரமானவனா? இந்த வார மேட்டர் இதுதான்.

பையன் வேற யாரும் இல்ல, என் சித்தப்பா மகன். ஊர் ஒடுகத்தூர். 'அது எங்கப்பா இருக்கு?'ன்னு கேக்குற சிட்டி பார்ட்டிகளுக்கு... வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகா, ஜவ்வாது மலை அடிவாரம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைன்னா சுத்துப்பட்டுல எங்க ஊர்தான் ஃபேமஸ். மலை மேல இருந்து சாமையும் புளியும் சீத்தாப்பழமும் இறங்கி வர்ற ஊரு. உத்திரகாவேரின்னு ஒரு ஆறும் இருக்கு. மழை பெஞ்சா அது ஆறு, பெய்யலைன்னா கிரிக்கெட் கிரவுண்டு!

தம்பி பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் குரூப். அவனோட டைம்டேபிளைக் கேட்டா உங்களுக்கே மூச்சு வாங்கும். காலையில 6 மணிக்கு மேத்ஸ் டியூஷன். அப்புறம் ஸ்கூல். அது முடிஞ்சா ஸ்பெஷல் கிளாஸ். அதுவும் முடிஞ்சா பிசிக்ஸ் டியூஷன். வீட்டுக்கு வந்து தட்டுல கை வைக்கவே எட்டரை ஆயிடும். ராத்திரி 9-லிருந்து 10 வரைக்கும் ஒரே ஒரு மணி நேரம்தான் அவனுக்கே அவனுக்குன்னு மிச்சம். அந்த ஒரு மணி நேரத்துலதான் பம்பையும் இருக்கு, லேப்டாப்பும் இருக்கு.

பம்பை தெரியும்ல? ஒண்ணு மேல ஒண்ணா சேர்த்துக் கட்டின ரெட்டை மேளம். ஒண்ணு மரம், இன்னொண்ணு வெண்கலம். எங்க பக்கம் ஆடி மாசம் அம்மன் கோயில்ல இந்தச் சத்தம் கேக்காம திருவிழாவே இல்ல. தெருக்கோடியில இருக்குற ஒரு தாத்தாதான் தம்பிக்கு குரு. கரகம் எடுக்குறப்போ ஒரு அடி, ஊர்வலத்துக்கு ஒரு அடி, சாமியை வர்ணிச்சு அழைக்கும்போது இன்னொரு அடி. எல்லாமே அவர் விரல்ல இருக்கு. எந்த நோட்டுலயும் இல்ல.

தம்பி என்ன பண்றான்னா, ஒவ்வொரு அடியையும் செல்போன்ல பதிஞ்சு ஒரு வெப் பக்கத்துல ஏத்துறான். ஒரு அடிக்கு ஒரு பட்டன். அமுக்கினா சத்தம் வரும். கீழே ரெண்டு வரி: எப்போ வாசிக்கிறது, எந்தக் கைக்கு என்ன வேலை. அவ்வளவுதான் சைட். இதுவரைக்கும் பட்டன் ஏழு!

லேப்டாப் அவன் அக்காவோடது. பிளஸ் டூவுல கவர்ன்மென்ட் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15-ம் தேதி தொடங்கின திட்டம் அது. ஆரம்பத்துல வந்த மெஷின்கள்ல விண்டோஸோட சேர்த்து 'பாஸ்' லினக்ஸும் இருந்துச்சு. சி-டாக் உருவாக்கின நம்ம நாட்டு லினக்ஸ். எத்தனையோ வீட்டுல முதல் கம்ப்யூட்டரே அந்த லேப்டாப்தான். அக்கா லேப்டாப்புல பேட்டரி எப்பவோ செத்துப் போச்சு. ஒயரைப் பிடுங்கினா உயிர் போயிடும். ஆனாலும் ஓடுது பாஸ்!

இதுல இருக்குற டெக்னிக்கல் மேட்டர் ஒண்ணு செம இன்ட்ரஸ்டிங். சி.டி. தரத்துல ஸ்டீரியோவா ஒரு நிமிஷம் பதிஞ்சா, 'வேவ்' ஃபைல் கிட்டத்தட்ட 10 எம்.பி. வரும். அதையே 128 கே.பி.பி.எஸ். எம்.பி.3-யா சுருக்கினா 1 எம்.பி.க்குள்ள அடங்கிடும். சிக்னல் நொண்டி அடிக்கிற மலையோரத்துல இந்த வித்தியாசம்தான் பாட்டு கேக்குமா, சக்கரம் சுத்திட்டே நிக்குமாங்கிறதை முடிவு பண்ணும். வெட்டி ஒட்டிச் சுருக்க அவன் வெச்சிருக்கிறது 'ஆடாசிட்டி'. காசே இல்லாத சாஃப்ட்வேர். அமெரிக்காவுல கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல ஒரு மாணவரும் அவரோட பேராசிரியரும் 1999-ல ஆரம்பிச்ச வேலை அது. அதுவும் ஒரு ஸ்டூடன்ட் கை வெச்ச ப்ராஜெக்ட்தான்!

எல்லாம் சரி, பிரச்னை எங்கே? சித்தப்பாகிட்டதான். காலாண்டுல மேத்ஸ் மார்க் இறங்கிடுச்சு. "மேளமும் வேணாம், கம்ப்யூட்டரும் வேணாம். பிளஸ் டூ முடியட்டும், அப்புறம் எதை வேணா தட்டிக்கோ"ன்னு லேப்டாப்பைப் பரண்ல ஏத்தப் போயிட்டார். பஞ்சாயத்துக்கு வேலூர்லேர்ந்து என்னைக் கூப்பிட்டாங்க. "நீ இன்ஜினீயரிங் படிக்கிறவன், நீயே சொல்லுப்பா"ன்னார். "அண்ணா, நீ சொன்னா அப்பா கேப்பாரு"ன்னு தம்பி என் காதுல!

சித்தப்பா மேல எனக்குக் கோபம் இல்ல. படிப்பா, கலையான்னு கேட்டா படிப்புதான்னு அவர் தலைமுறை சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கலைக்குப் போனவங்க பலபேரு படிப்பை விட்டுட்டுத்தான் போனாங்க. ஏ.ஆர்.ரஹ்மானோட அப்பா ஆர்.கே.சேகர் 1976-ல இறந்தப்போ ரஹ்மானுக்கு 9 வயசு. வீட்டுக்குச் சம்பாதிக்க ஸ்டூடியோ ஸ்டூடியோவா கீபோர்டு வாசிக்கப் போனதுல ஸ்கூல் பாதியிலேயே நின்னு போச்சு. அவர் ஜெயிச்சார். ஆனா அவர் விட்ட ஸ்கூல் அவரா விரும்பி விட்டது இல்லையே?

எங்க ஊருக்கு இன்னும் கிட்டத்துல ஒரு உதாரணம் இருக்கு. காஞ்சிபுரம் பக்கத்து கட்டைக்கூத்துக் கலைஞர் பி.ராஜகோபால். அப்பாவோட கூத்துக் கம்பெனியில ஆடுறதுக்காக 10 வயசுல ஸ்கூலை விட்டவர். ராத்திரி முழுக்க கூத்து ஆடிட்டு காலையில கிளாஸ்ல எப்படி உக்கார முடியும்? வளர்ந்தப்புறம் அவர் என்ன செஞ்சார் தெரியுமா? 2002-ல புஞ்சரசந்தாங்கல் கிராமத்துல பசங்களுக்காகவே கட்டைக்கூத்து குருகுலம் ஆரம்பிச்சார். அங்கேயே தங்கி, பாடமும் படிக்கலாம், ஆட்டமும் பாட்டும் ஹார்மோனியமும் மிருதங்கமும் கத்துக்கலாம். ஆம்பளைங்க மட்டுமே ஆடிட்டிருந்த கூத்துல பொண்ணுங்களும் வேஷம் கட்டினாங்க. 2020 வரைக்கும் அந்தக் குருகுலம் நடந்துச்சு. 'ரெண்டுல ஒண்ணை விடு'ன்னு தனக்கு நடந்தது அடுத்த பசங்களுக்கு நடக்கக் கூடாதுன்னு ஒரு மனுஷன் 18 வருஷம் நடத்திக் காட்டின விஷயம் இது.

பஞ்சாயத்துல நான் இதைத்தான் சொன்னேன். "சித்தப்பா, இவன் ஸ்கூலை விடப் போறேன்னு சொல்லலை. ஒரே ஒரு மணி நேரம்தான் கேக்குறான். பிளஸ் ஒன் பொதுத்தேர்வையே 2025-26-லிருந்து எடுத்துட்டாங்க. 2018-ல எங்க சீனியர் செட்டு முதல் தடவையா எழுதின அந்தப் பரீட்சை இவனுக்கு இல்ல. கவர்ன்மென்ட்டே ஒரு வருஷம் மூச்சு விட இடம் கொடுத்திருக்கு. அதையும் டியூஷன் போட்டு அடைச்சிட்டா எப்படி?"

அவர் அசையலை. அப்போ தம்பி சொன்னான் பாருங்க ஒண்ணு: "அப்பா, பரீட்சையில போனா துணைத்தேர்வு எழுதலாம். தாத்தாவுக்கு வலது கை இப்பவே நடுங்குது. அடுத்த ஆடிக்கு அந்த வேகம் வராது. அவருக்கு ஏது துணைத்தேர்வு?"

வீடே சைலன்ட். சித்தப்பா ஏணியை விட்டு இறங்கிட்டார். கண்டிஷன் போட்டுத்தான் இறங்கினார்: அரையாண்டுல மேத்ஸ் மார்க் ஏறணும், பத்து மணிக்கு லைட் ஆஃப். நியாயமான டீல்தான்!

உங்க ஊர்லயும் இப்படி ஒரு தாத்தாவோ ஆயாவோ இருப்பாங்க. பம்பையோ, நடவுப் பாட்டோ, தாலாட்டோ, எதுவா வேணா இருக்கட்டும். நீங்களும் களத்துல இறங்குறதா இருந்தா மூணே மூணு விஷயம்.

ஒண்ணு, கேட்டுட்டுப் பதியுங்க. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்துல 1994-ல கொண்டு வந்த திருத்தத்துக்கு அப்புறம், வாசிக்கிற கலைஞருக்கும் தனி உரிமை இருக்கு. 'நம்ம தாத்தாதானே'ன்னு விட்டுடாதீங்க. அவர் பேரும் பக்கத்துல வரணுமான்னு அவர்கிட்டயே கேளுங்க. எங்க தாத்தா யோசிச்சு, "எங்கப்பன் பேரையும் சேத்துப் போடுப்பா"ன்னார்.

ரெண்டு, ஒரே இடத்தை நம்பாதீங்க. உலகம் முழுக்க பசங்க முதல் பக்கம் கட்டின ஜியோசிட்டீஸை 2009 அக்டோபர்ல யாஹூ மூடிருச்சு. ஆர்குட் 2014 செப்டம்பரோட காலி. அதுல மட்டும் வெச்சிருந்தவங்க கதி? அதனால வெப்ல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணு, சொந்தக்காரர் வீட்டுல ஒண்ணு. சுருக்குறதுக்கு முன்னாடி இருந்த பெரிய ஃபைலையும் அழிச்சிடாதீங்க.

மூணு, தமிழ்லயே எழுதுங்க. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல தொடங்கி இன்னிக்கு ஒன்றரை லட்சம் கட்டுரையைத் தாண்டிடுச்சு. அப்படியும் நம்ம தெருக்கோயில் பம்பை அடியைப் பத்தி நாமதான் எழுதியாகணும். வேற யாரும் வந்து எழுத மாட்டாங்க.

கட்-ஆஃப்ல இதுக்கு இன்னிக்கும் பூஜ்யம்தான். அதை மாத்துற பவர் நமக்கு இல்ல. ஆனா ஒன்பதுலேர்ந்து பத்து வரைக்கும் என்ன செய்யறதுங்கிறது நம்ம கையில இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை டியூஷன் லீவா? போனை சார்ஜ் போட்டு எடுத்துட்டு, அந்தத் தாத்தா வீட்டுத் திண்ணையில போய் உக்காருங்க.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம், ஜூட்!