இருபத்தைந்தாவது மணித்தியாலம் எவருடையது?

சமுத்திரத்தைக் கப்பலிலே கடப்பது பற்றி அண்மைக் காலத்தில் எழுதப்பெறும் பயணக் கட்டுரைகளிலும் விளம்பர ஏடுகளிலும் ஒரே கருத்துத் திரும்பத் திரும்ப வலியுறுத்தப்படுகின்றது. ஆகாய விமானம் மனிதனிடமிருந்து காலத்தைப் பறித்துக்கொண்டது. கப்பல் அதனைத் திருப்பித் தருகின்றது என்பதே அக்கருத்து. துறைமுகம் எதனையும் தொடாது, நீரும் வானும் மட்டுமே சூழ, ஏழு இரவுகள் அத்திலாந்திக்கைக் கடப்பவன் அவசரத்தின் பிடியிலிருந்து விடுபட்டுத் தன்னையே மீளக் கண்டெடுக்கின்றானாம். வர்க்க பேதம் மலிந்திருந்த பழைய கப்பல்கள் மறைந்துவிட்டன. இன்று கட்டணஞ் செலுத்திய எவரும் கப்பலிலே சமமானவரே என்பதும் இதனோடு சேர்த்துக் கூறப்படும். இவ்விரு கூற்றுக்களும் பொய்யானவை. எனினும் முதலாவது பொய் சற்று நுட்பமானது. ஆதலால் அதனையே முதலில் எடுத்துக்கொள்ளல் தகும்.

சவுதம்ரனிலிருந்து நியூயோர்க் நோக்கி மேற்கே செல்லும் கப்பலில், இரு நகரங்களுக்குமிடையே உள்ள ஐந்து மணித்தியால வேறுபாட்டை ஈடுசெய்யும் பொருட்டு, ஐந்து இரவுகளில் மணிக்கூடு ஒவ்வொரு மணித்தியாலம் பின்தள்ளி வைக்கப்படும். எனவே பிரயாணிக்கு இருபத்தைந்து மணித்தியாலங் கொண்ட ஐந்து நாட்கள் கிடைக்கின்றன. கப்பற் பயணத்தின் பெரும்பேறு இதுவே என எழுதாதோர் இலர் எனலாம். மேலதிகமாக ஒரு மணித்தியாலம் உறங்கலாம். நூலகத்திலே ஒரு நூலை ஆறுதலாகப் புரட்டலாம். ஆனால் அதே இரவில் இயந்திர அறையிலும், கப்பலைச் செலுத்தும் தளத்திலும், காலையுணவுக்குப் பாண் வேகும் வெதுப்பகத்திலும் கடமையிலிருப்போரும் உளர். அவர்களின் இரவும் ஒரு மணித்தியாலம் நீளுகின்றது. அந்த நீட்சி உறக்கமன்று, வேலை. முறை மாற்றி அதனைத் தம்முட் பகிர்ந்துகொள்ளலாமேயன்றி இல்லாமற் செய்தல் இயலாது. கப்பல் காலத்தைப் படைப்பதில்லை. ஒரு தளத்திலே நுகரப்படும் ஓய்வு இன்னொரு தளத்திலே செலவாகும் உழைப்பாகவே இருக்கின்றது.

இப்புகழுரையின் பிறப்பைச் சிறிது நோக்குதல் பயனுடைத்து. 1842ஆம் ஆண்டு சனவரியில் சாள்ஸ் டிக்கன்ஸ் கியூனாட் கம்பனியின் 'பிரித்தானியா' என்னும் நீராவிக் கப்பலில் லிவர்பூலிலிருந்து அமெரிக்கா சென்றார். தமக்கு ஒதுக்கப்பட்ட அறையின் ஒடுக்கத்தை எள்ளி நகையாடி எழுதினார். திரும்பும்போது நீராவிக் கப்பலை விடுத்துப் பாய்க்கப்பலில் ஏறினார். அப்பாய்க்கப்பலின் கீழ்த்தளத்தில், புதிய உலகிலே வாழ வழி தேடிச் சென்று தோற்றுத் திரும்பிய ஏறக்குறைய நூறு ஏழைகள் இருந்தனர். அவர்களின் வறுமையையும் தமது அமெரிக்கக் குறிப்புக்களில் அவர் பதிவு செய்யத் தவறவில்லை. இரண்டாண்டுகளின் பின், 1844இல், தக்கரே கிழக்கு மத்தியதரைக் கடற் பிரதேசத்தைக் கப்பலிற் சுற்றிவந்தார். அவருக்குப் பயணச் சீட்டினை இலவசமாக வழங்கியது பீ. அன்ட் ஓ. கம்பனி. 1846இல் வெளிவந்த அவரது பயண நூல் அக்கம்பனியின் கப்பற்றலைவர் ஒருவருக்குச் சமர்ப்பணமாயிற்று. தக்கரேயின் எழுத்தாற்றலைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயினும், பிற்காலக் கடற்பயண எழுத்து டிக்கன்ஸ் எட்டிப்பார்த்த கீழ்த்தளத்திலிருந்து வளர்ந்ததா, தக்கரே பெற்ற சீட்டிலிருந்து வளர்ந்ததா என வினவினால், இன்றைய விளம்பர ஏடுகளே விடை பகரும்.

ஓய்வுக்கான கப்பற் பயணம் என்பதும் ஓய்வின்மீது கொண்ட காதலால் தோன்றியதன்று. குளிர்காலத்தில் வட அத்திலாந்திக்கைக் கடக்கப் பிரயாணிகள் அரியராயிருந்தமையால், 1891 சனவரியில் ஹம்பேர்க் - அமெரிக்கா கம்பனியின் அல்பேட் பாலின் தமது 'ஓகஸ்ற்றா விக்ரோரியா' கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். முடங்கிக் கிடக்க வேண்டிய முதலை இயங்கவைத்த வணிக உபாயம் அது. 1958 ஒக்ரோபரில் யெற் விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடக்கத் தொடங்கிய பின்னரும் இதுவே பெருமளவில் நிகழ்ந்தது. பிரயாணிகளை இழந்த கம்பனிகள், சென்றடைவதை விற்க இயலாமற் போகவே செல்வதையே விற்பனைப் பண்டமாக்கின.

இனி, கப்பலிலே வர்க்கமில்லை என்னும் கூற்று. 2004 சனவரியிற் சேவையில் இறங்கிய 'குயீன் மேரி 2' இன்றும் அத்திலாந்திக் மார்க்கத்தில் ஒழுங்காகச் சென்றுவருவது. 345 மீற்றர் நீளமுடைய அக்கப்பல் ஏறக்குறைய 2,700 பிரயாணிகளையும் 1,200இற்கு மேற்பட்ட ஊழியரையும் சுமக்கின்றது. அதிலே முதலாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்னும் சொற்கள் இல்லை என்பது உண்மையே. ஆனால் எந்த அறைக்குக் கட்டணஞ் செலுத்தினாரோ அதற்கேற்பவே ஒருவர் உண்ணும் மண்டபம் விதிக்கப்படுகின்றது. குயீன்ஸ் கிறில், பிரின்சஸ் கிறில், பிரித்தானியா என அவற்றுக்குப் பெயர். வகுப்பு என்னும் சொல் நீங்கிற்று, வகுப்பு நீங்கவில்லை.

இது மேற்றளத்தோரின் உள்வீட்டு விவகாரம் என விட்டுவிடலாம். மேற்றளத்துக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையிலுள்ள கோடே முக்கியமானது. அதனை விளக்க அக்கப்பலின் பன்னிரண்டாந் தளத்திலுள்ள நாய்க்கூடங்களைக் காட்டினாற் போதும். 2016இற் செய்யப்பெற்ற புதுப்பித்தலின்போது அவற்றின் தொகை இருபத்துநான்காக உயர்த்தப்பட்டது. நாய்கள் உலாவுவதற்குத் திறந்த தளம் உண்டு. பிரித்தானிய நாய்க்குப் பரிச்சயமானதென ஒரு விளக்குக் கம்பமும், அமெரிக்க நாய்க்குப் பரிச்சயமானதெனத் தீயணைப்பு நீர்க்குழாய் ஒன்றும் அங்கே நாட்டப்பட்டுள்ளன. நாய்களின்மீது எவருக்கும் பகையில்லை. அவை அன்போடு பேணப்படட்டும். ஆனால் அதே கப்பலில் மேசை துடைப்போரும் துணி வெளுப்போரும் பொதுவாக நீர்மட்டத்தை அண்டியும் அதன் கீழும் அமைந்த தளங்களில், யன்னலற்ற அறைகளை இருவராகப் பகிர்ந்து வாழ்கின்றனர். பிரித்தானியக் கப்பல்களில் ஊழியர் போய்வரும் நெடும் நடைபாதையைப் 'பர்மா வீதி' என அழைக்கும் வழக்கம் உண்டு. உண்மையான பர்மா வீதி 1937 - 38 காலப்பகுதியிற் பெருந்தொகையான கூலியாட்களின் வெறுங்கைகளால் மலைகளைக் குடைந்து அமைக்கப்பெற்றது. பெயரிட்டவர் அறிந்துதான் பெயரிட்டார் போலும்.

உழைப்பின் அளவைச் சட்டமே கூறுகின்றது. 2006இல் நிறைவேறி 2013 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சமவாயம், எந்த இருபத்துநான்கு மணித்தியாலத்திலும் பதினான்கு மணித்தியாலத்துக்கு மேலும், எந்த ஏழு நாளிலும் எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது என்கின்றது. இதனைத் தொழிலாளரின் வெற்றியென்றே கொள்ளல் வேண்டும். முன்னர் அதுவும் உலகளாவியதாக இருக்கவில்லை. ஆயினும் தரையிலே எட்டு மணித்தியால நாளுக்காகத் தொழிலாளர் போராடி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகின்றது. கடலிலோ வாரத்துக்கு எழுபத்திரண்டு மணித்தியாலம் என்பது உச்ச வரம்பாக எழுதப்பட்டுள்ளது. பிரயாணி ஏழு இரவிலே கரையேறிவிடுகின்றான். அவனுக்குப் படுக்கை விரித்தவரின் ஒப்பந்தமோ ஆறு மாதம், எட்டு மாதம், சில வேளைகளில் அதற்கும் மேலாக நீளும். பிரயாணியின் வாழ்விலே ஒருமுறை நிகழும் அந்த அபூர்வ வாரம், ஊழியருக்கு ஒரே பருவத்தில் இருபது தடவைக்கு மேல் நிகழும் வாரமாகும். இன்னும் ஒன்று: பல கப்பல்களிலே ஊழியரின் வருவாயில் ஒரு பகுதி, பிரயாணியின் கணக்கிலே நாள்தோறும் சேர்க்கப்படும் 'சேவைக் கட்டணம்' என்னும் சன்மானத்திலிருந்தே வருகின்றது. விரும்பாத பிரயாணி அதனை நீக்குமாறு கேட்கவும் முடியும். வேதனம் உரிமை என்னும் நிலையிலிருந்து தயவு என்னும் நிலைக்கு இறங்கும் இடம் இதுவே. சிரிப்பு அங்கே குணமன்று. வேலையின் ஒரு கூறு.

இவற்றையெல்லாம் நாட்டுச் சட்டங்கள் தடுக்கமாட்டாவோ என்று கேட்கலாம். எந்த நாட்டின் சட்டம் என்பதே கேள்வி. கப்பல் எக்கொடியைத் தாங்குகின்றதோ அந்நாட்டின் சட்டமே அதன்மீது செல்லும். 1922இல் ஐக்கிய அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவியபோது 'றிலையன்ஸ்', 'றெசொலியூற்' என்னும் இரு அமெரிக்கப் பயணிகள் கப்பல்கள் பனாமாக் கொடிக்கு மாற்றப்பட்டன. பிரயாணிக்கு மதுபானம் பரிமாறலாயிற்று. அமெரிக்கக் கடற்றொழிலாளருக்குரிய சட்டங்களும் கூடவே கழன்றன. 171 ஆண்டுகளாகப் பிரித்தானியக் கொடியோடு ஓடிய கியூனாட் கம்பனி, 2011இல் தனது மூன்று கப்பல்களையும் பேர்மியூடாவின் ஹமில்ரனிற் பதிவு செய்வதாக அறிவித்தது. கப்பற்றலைவர் நடுக்கடலிலே திருமணஞ் செய்துவைக்க வழியேற்படும் என்பதே கூறப்பட்ட காரணம். வெவ்வேறு நாட்டினத்து மாலுமிகளுக்கு வெவ்வேறு வேதனம் வழங்கப் பிரித்தானியாவில் நெடுங்காலம் இருந்துவந்த இடம், ஒரு பகுதியேனும், புதிய ஒழுங்குவிதிகளால் ஒடுக்கப்பட்டதும் அதே 2011இலே தான். இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாற் போதும், வியாக்கியானம் தேவையில்லை. இந்திய மாலுமிகளான 'லஸ்கர்'களுக்குக் குறைந்த வேதனமும் குறைந்த படுக்கையிடமும் போதுமெனச் சட்டமே இடங்கொடுத்திருந்த குடியேற்றவாதக் காலத்தின் நியாயம் கொடி மாறி உயிர்வாழ்கின்றது.

எதிர்த்தரப்பினரின் வலுவான வாதம் இனித்தான் வருகின்றது. எவரும் விலங்கிட்டுக் கொண்டுவரப்படவில்லை. பிலிப்பைன்ஸிலும் இந்தோனீசியாவிலும் இந்தியாவிலுமிருந்து விரும்பியே வருகின்றனர். ஊரிலே கிடையாத வருவாயைப் பெறுகின்றனர் என்பர். இதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. கப்பலிலிருந்து வந்த பணத்தால் எழுந்த வீடுகளும், படித்து முன்னேறிய பிள்ளைகளும் உண்டு. வசதியாக அமர்ந்து அப்பணத்தை இழிவாகப் பேசும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் இவ்வாதம் எதனை எதனோடு ஒப்பிடுகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். ஊழியரின் வேதனத்தை மதிப்பிடும்போது அவர் பிறந்த கிராமம் அளவுகோலாகின்றது. பிரயாணியிடம் கட்டணம் அறவிடும்போது அக்கிராமம் மறக்கப்பட்டு இலண்டனும் நியூயோர்க்கும் அளவுகோலாகின்றன. ஒரே கப்பலிலே இரு அளவுகோல்கள். அவற்றுக்கிடையேயுள்ள வித்தியாசமே இலாபம். வறுமை இருக்கும்வரை விருப்பமும் இருக்கும் என்பது கம்பனிகளுக்கு நன்கு தெரியும்.

2020ஆம் ஆண்டிலே இவ்வொழுங்கு தன்னைத்தானே வெளிப்படுத்திக் காட்டிற்று. பெப்ரவரியில் யொக்கோகாமாத் துறையில் 'டயமன்ட் பிரின்சஸ்' தனிமைப்படுத்தப்பட்டபோது பிரயாணிகள் அறைகளுள் இருத்தப்பட்டனர். ஊழியர்களோ பகிர்ந்த அறைகளில் உறங்கி, ஒன்றாக உண்டு, வாசல் வாசலாக உணவு கொண்டு சென்றனர். கப்பலில் இருந்த 3,700 பேரளவில் 712 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. அதன் பின்னர் நிகழ்ந்த 'எம்.எஸ்.சி. மக்னிபிக்கா'வின் சமுத்திரப் பயணம் இலங்கையர் பலருக்கு நினைவிருக்கக்கூடும். சனவரியில் ஜெனோவாவிலிருந்து உலகஞ் சுற்றப் புறப்பட்ட அக்கப்பல், அவுஸ்திரேலியாவிற் பிரயாணிகளை இறக்க இயலாது, மார்ச் மாத இறுதியில் ஏறக்குறைய 1,700 பிரயாணிகளோடு இந்து சமுத்திரத்தைக் கடந்து ஐரோப்பா நோக்கித் திரும்பியது. உள்ளே தொற்று இருக்கவில்லை. ஆதலால் விருந்தும் ஆடலும் தொடர்ந்தன. உலகிலேயே பாதுகாப்பான இடம் இதுவென மகிழ்ந்த பிரயாணிகளும் இருந்தனர். அக்கப்பலின் ஊழியருள் இலங்கைச் சமையற்காரர் ஒருவரும் இருந்தார். கப்பல் தமது நாட்டை அண்டிச் செல்லவிருப்பதை அறிந்த அவர், தம்மைக் கொழும்பில் இறக்கிவிடுமாறு மன்றாடி ஒளிப்பதிவு ஒன்றை வெளியிட்டார். அது நாடெங்கும் பரவியது. ஏப்பிரல் 6ஆந் திகதி கடற்படையினர் அவரைக் கரைசேர்த்தனர். நோயுற்றிருந்த யேர்மன் மூதாட்டி ஒருவரும் சிகிச்சைக்காகக் கொழும்பில் இறக்கப்பட்டார். ஏப்பிரல் 20இற் கப்பல் மார்செய்யை அடைந்தது. ஒரு தொழிலாளி தன் சொந்த நாட்டின் கரையில் இறங்குவதற்கு நாடறிய மன்றாட வேண்டியிருந்தது என்பதை, மிதக்கும் சொர்க்கம் பற்றி எழுதுவோர் தமது அடுத்த கட்டுரையில் எந்தப் பந்தியிற் சேர்ப்பார்கள்?

பிரயாணிகள் வீடு திரும்பிய பின்னரும் பல்லாயிரக்கணக்கான ஊழியர் மாதக்கணக்கிற் கப்பல்களிலேயே தங்க நேர்ந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் மணிலா விரிகுடாவிலே இருபதுக்கு மேற்பட்ட உல்லாசக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. அவற்றிலிருந்த பிலிப்பைன்ஸ் ஊழியர்கள் தம் தலைநகரின் விளக்குகளைப் பார்த்தவாறு பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திருந்தனர். ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையமோ, தனது நீர்ப்பரப்பிலுள்ள கப்பல்களில் ஒவ்வோர் ஊழியருக்கும் தனியறையும் தனிக் குளியலறையும் அளித்தல் வேண்டுமென விதித்தது. கீழ்த்தளங்களில் அவ்வளவு அறைகள் இல்லை. ஆதலாற் பிரயாணிகளின் வெற்று அறைகள் ஊழியருக்குத் திறந்துவிடப்பட்டன. தாம் ஆண்டுக்கணக்காகத் துடைத்துவந்த யன்னல்களூடாகச் சமுத்திரத்தை அமர்ந்திருந்து பார்க்கும் வாய்ப்பு அவ்வூழியருட் பலருக்கு அப்பொழுதுதான் கிட்டியது. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே பிரயாணிகள் மீண்டும் வரத் தொடங்கினர்.