குரல் போனபின் சோறும் போகலாமா?

புற்றுநோய் முற்றியதால் குரல்வளையை முழுவதும் அகற்றிவிட்டால் மனிதன் இயல்பான பேச்சை இழக்கிறான் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் அவன் உண்ணும் சோறும் தொல்லையாகிவிடக் கூடும் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

புற்றுநோய்க்காக இவ்வறுவையை வியன்னா நகரில் 1873-இல் முதன்முதல் செய்தவர் பில்ராத் என்னும் மருத்துவர். இன்றைய முறையில் மூச்சுக்குழலைக் கழுத்தின் முன்புறத் துளையோடு இணைத்துத் தைத்துவிடுகிறார்கள். காற்றுக்கு ஒரு வழி. உணவுக்கு வேறு வழி. ஆகவே உணவு நுரையீரலுக்குள் தவறிச் செல்லும் அச்சம் பெரிதும் நீங்குகிறது. இதனாலேயே "இனி உண்பதில் என்ன குறை?" என்று நினைத்துவிடுகிறோம்.

குறை உண்டு. குரல்வளையை எடுத்தபின் தொண்டையை மீண்டும் குழாய்போல் தைக்கும்போது வழி குறுகக் கூடும். கதிர்வீச்சுச் சிகிச்சையால் தசை இறுகுகிறது, உமிழ்நீர் வற்றுகிறது. முன்பு விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து உணவுக்குழலின் வாயிலைத் திறக்க உதவியது. இப்போது அவ்வுதவி இல்லை. மூக்கின் வழியே மூச்சு ஓடாததால் ரசத்தின் மணம்கூட எட்டுவதில்லை.

பரிகாரமும் உண்டு. பேரியக் கரைசலை விழுங்கச் செய்து எக்ஸ்ரே எடுத்தால் தடை எங்கே என்பது புலப்படும். நோய் திரும்பவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குறுகிய வழியை விரிக்கிறார்கள். மீண்டும் குறுகினால் மீண்டும் விரிக்கலாம். குழைந்த சோறு, சிறு கவளம், இடையிடையே நீர் என்று பயிற்சியும் தருகிறார்கள்.

"உயிர் பிழைத்ததே பெரிது, சோறு எப்படி இறங்கினால் என்ன?" என்பார் சிலர். இதை நான் ஏற்கமாட்டேன். பந்தியில் நால்வரோடு அமர்ந்து உண்ண வெட்கி ஒதுங்குகிறவன் பாதி வாழ்வே வாழ்கிறான். உடல் மெலிவதைக் காணும் வீட்டாரோ 'பசியில்லை போலும்' என்று இருந்துவிடுகிறார்கள். எழுதத் தெரிந்தவர் தம் துன்பத்தைச் சீட்டில் எழுதிக் காட்டலாம். குரலும் இன்றி எழுத்தும் அறியாத எங்கள் பாட்டன்மார் யாரிடம் எப்படி முறையிடுவார்கள்?

எனவே, மறுபரிசோதனைக்கு வருவோரை எடை பார்த்து, "என்ன சாப்பிட்டீர்கள்? எவ்வளவு நேரம் ஆயிற்று?" என்று மருத்துவமனைகள் தாமே முன்வந்து கேட்க வேண்டும். விழுங்கும் பயிற்சி தருவோர் மாவட்ட மருத்துவமனைகளிலும் இருத்தல் வேண்டும். குடும்பத்தில் முதன்முதல் கல்லூரிப் படியேறிய என் போன்றோர்க்கும் கடமை உண்டு. நம் ஊரில் அத்தகையவர் இருந்தால் துணைக்குச் சென்று, அவர் சைகையால் சொல்வதை மருத்துவரிடம் எடுத்துரைப்போம். கற்ற கல்விக்கு இதைவிட நல்ல பயன் வேறென்ன?

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்) மாணவன்