வாலாஜா பள்ளிவாசலின் கல்வெட்டும் இன்றைய வக்ஃப் சட்டமும்

திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795-ல் ஆற்காடு நவாபு வாலாஜாவின் குடும்பத்தாரால் கட்டப்பட்டது. கருங்கல் கட்டிடம், இரண்டு உயர்ந்த மினாராக்கள். இங்குள்ள கல்வெட்டில் ஒரு சொற்றொடர் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் அரபு எழுத்துகளுக்குரிய எண்களை அப்ஜத் முறைப்படி கூட்டினால் 1209 வரும். அதுவே பள்ளி எழுந்த ஹிஜ்ரி ஆண்டு. இதை இயற்றியவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன்லால் கிராத் என்ற இந்து அறிஞர். மரபுக்கு மட்டுமல்ல, நல்லிணக்கத்துக்கும் இந்தக் கல் சாட்சி.

ஆனால் எல்லாப் பள்ளிகளுக்கும் இப்படியொரு கல் வாய்ப்பதில்லை. சடையங்குப்பம், எண்ணூர், திருவொற்றியூர் என நீளும் தொழிற்சாலைப் பகுதியில் நிலத்துக்குப் போட்டி அதிகம். இத்தகைய இடங்களில் உழைப்பாளிகள் கைக்காசு போட்டு எழுப்பும் சிறு பள்ளிகளுக்கு, இடைவிடாத தொழுகையே பெரிய ஆதாரம்.

அந்த ஆதாரத்தைத்தான் 2025 வக்ஃப் திருத்தச் சட்டம் பலவீனப்படுத்துகிறது. நீண்டகாலப் பயன்பாட்டால் வக்ஃபாகும் முறை இனி இல்லை. 2025 ஏப்ரல் 8-க்கு முன் பதிவான அத்தகைய சொத்துகள் வக்ஃபாகவே நீடிக்கும். தகராறில் உள்ளவையும் அரசுச் சொத்தாக உள்ளவையும் மட்டும் இதற்கு விலக்கு. செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தாலும், இந்த நீக்கத்துக்குத் தடை விதிக்கவில்லை. ஜூன் 6-ல் தொடங்கிய 'உமீத்' இணையதளத்தில் விவரங்களை ஏற்ற ஆறு மாத அவகாசமே தரப்பட்டது. அதைப் பொதுவாக நீட்டிக்க டிசம்பர் 1 அன்று மறுத்த நீதிமன்றம், தேவைப்படுவோர் தீர்ப்பாயத்தை நாடலாம் என்றது.

தலைமுறைகளாக ஒரு சமூகம் தொழுது வந்ததை நிரூபிக்கும் சுமை முழுவதையும் அந்தச் சமூகத்தின் மீதே ஏற்றுவது நியாயமல்ல. அதை நீதிமன்றத்தில் எதிர்ப்பது ஒரு வேலை என்றால், ஆவணங்களைத் திரட்டுவது அதற்குச் சமமான வேலை.

ஒவ்வொரு ஜமாஅத்தும் வக்ஃப் வாரியப் பதிவு, பட்டா, சொத்து வரி ரசீது, பழைய மின்கட்டண ரசீது, நிக்காஹ் தஃப்தர், கப்ருஸ்தான் பதிவேடு ஆகியவற்றைத் தேடி எடுத்து நகலெடுத்து வைக்க வேண்டும். மிஹ்ராப், தூண்கள், ஹவுள், பழைய கல்வெட்டு ஆகியவற்றைப் படம்பிடிக்க வேண்டும். புதுப்பிக்கிறோம் என்று பழைய கல்லைப் பெயர்த்து டைல்ஸ் ஒட்டும்போது, நம் சாட்சியை நாமே அழிக்கிறோம். மஹல்லாவின் பெரியவர்கள் சொல்லும் வரலாற்றையும் இப்போதே எழுதி வையுங்கள்.

வாலாஜா பள்ளியைக் கட்டியவர்கள் ஆண்டைக் கல்லில் பொறித்துச் சென்றார்கள். நம் பிள்ளைகளுக்கு நாம் எதை விட்டுச் செல்லப் போகிறோம்?