சும்மா கிடைத்த பணியாரம்

போன மாதம் கடற்கரைச் சாலையில் ஒரு நாகரிகமான சாப்பாட்டு விடுதிக்கு என்னை அழைத்துப் போனார்கள். விடுதியின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால் சிலர் விளம்பரம் என்பார்கள், சிலர் வயிற்றெரிச்சல் என்பார்கள். இரண்டுமில்லை, எனக்கு வந்தது கோபம்.

என் தமக்கை மகன் நாவலூரில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கிறான். பழைய மகாபலிபுரம் சாலைக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் உத்தியோகம். "மாமா, நூறு வருஷத்துச் செட்டிநாட்டு வீட்டிலே உட்கார்ந்து சாப்பிடலாம் வாங்க" என்றான். அதற்காகக் காரைக்குடிக்குப் போக வேண்டியதில்லையாம். கேளம்பாக்கத்தில் திரும்பி, கோவளம் தாண்டினால் போதும். வீடே லாரி ஏறி நம்மைத் தேடி வந்திருக்கிறது.

வீட்டைக் கொண்டுவந்ததை நான் குறை சொல்லவில்லை. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவிலும் தென்னாட்டின் பல ஊர்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகளில் தூண் ஒரு பக்கமும் நிலைக்கதவு ஒரு பக்கமுமாக விலை போவதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு வீடு முழுசாக எங்கேயாவது நின்றால் சரி என்றுதான் தோன்றும். அதில் நாலு மேஜை போட்டு வியாபாரம் நடந்தால் கூரையாவது ஒழுகாமல் இருக்கும்.

மேஜைக்கு வந்த மெனுவில் முதல் நாலு பக்கம் வீட்டின் சரித்திரம். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலி, தரைக்கல் ஆத்தங்குடி, சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கரு. எல்லாம் வாஸ்தவம். பிறகு ஒரு வாக்கியம்: இந்த வீட்டில் நூறு பேர் ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாக உண்டார்களாம்.

இங்கேதான் எனக்கு முதல் இடறல். நகரத்தார் வழக்கம் தெரிந்தவர்கள் யாரும் இதை எழுத மாட்டார்கள். மகனுக்குக் கல்யாணமானால் கொஞ்ச காலத்தில் 'வேறு வைத்து' விடுவார்கள். வீடு ஒன்றுதான், ஆனால் அந்தத் தம்பதி ஒரு தனிப் புள்ளி. அவர்களுக்கு அறை தனி, அரிசி பருப்பு தனி, அடுப்பு தனி. விசேஷ நாட்களில் பந்தி ஒன்றாக நடக்கும். மற்ற நாட்களில் அவரவர் உலை அவரவருக்கு. பிள்ளைகள் கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வருஷக் கணக்கில் தங்கினார்கள். வேறு வைத்த அடுப்பின் முன்னால் ஊரில் இருந்தவள் அந்த ஆச்சி. அவளுடைய அடுப்பை மெனு எழுதினவர் ஒரே வரியில் அணைத்துவிட்டார்.

பர்மாவைப் பற்றியும் தேக்கோடு நிறுத்திக்கொண்டார். 1930-களில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், கீழ்பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. பர்மிய விவசாயிக்கு அதனால் உண்டான ஆத்திரம் எத்தகையது, 1942-இல் ஜப்பான் படை வந்தபோது நம்மவர்கள் எப்படி நடந்தே ஊர் திரும்பினார்கள் என்பதெல்லாம் சாப்பிடும்போது வேண்டாம்தான். ஆனால் அன்றைக்கு எங்கள் இலையில் வைத்த கவுனி அரிசியும் பர்மாவிலிருந்து வந்ததுதான். தூணைப் பற்றி அரைப் பக்கம் எழுதினவருக்கு இது தெரியாமல் போயிற்று.

பிறகு வெள்ளைப் பணியாரம் வந்தது. கறுப்புக் கல் பலகையில் மூன்றே மூன்று; பக்கத்தில் மிளகாய்த் துவையல், பொட்டு வைத்தாற்போல. நான் கேலி செய்யத் தயாராக இருந்தேன். வாயில் போட்டதும் கேலி போய்விட்டது. பச்சரிசியை அளந்து, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாக வைத்து, ஊறவைத்து, வெண்ணெயாக ஆட்டி, ஒரு கரண்டி மாவை எண்ணெயில் விட்டு, அது எழும்பித் திரும்பும் வரை காத்திருந்து, சிவப்பதற்குள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும். இதில் புஸ்தகம் உதவாது, கை வேண்டும். அந்தக் கை அந்த வீட்டில் இருந்தது.

பரிமாறிய பையனிடம், "யாரப்பா இதை ஊற்றினது?" என்றேன்.

"எங்க செஃப்போட கான்செப்ட், சார்."

"கான்செப்ட் இருக்கட்டும். ஊற்றினது யார்?"

பையன் நல்லவன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உள்ளே ஒரு அக்கா இருக்காங்க, சார். காரைக்குடிப் பக்கம். பேர் தெரியலை. நாங்க அக்கான்னுதான் கூப்பிடுவோம்" என்றான்.

பர்மாத் தேக்குக்கும் இத்தாலிச் சலவைக்கல்லுக்கும் ஊர் எழுதத் தெரிந்த விடுதிக்கு, காரைக்குடி அக்காவின் பெயரை எழுத ஒரு வரி கிடைக்கவில்லை. 'பாட்டியின் கைமணம்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். செத்துப்போன பாட்டி சம்பள உயர்வு கேட்க மாட்டாள் அல்லவா!

இதோடு விட்டிருந்தால் முதலாளியை மட்டும் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். பில் வந்தது. நாலு பேருக்கு ஏழாயிரத்துச் சொச்சம். தமக்கை மகன் முகம் சுருங்கியது. "என்ன மாமா அநியாயம்? இந்தப் பணியாரத்தை அத்தை வீட்டிலே சும்மா பண்ணிப் போடுவாங்க" என்றான்.

இதே பையன் போன வாரம் இத்தாலிய மாவுப் பண்டத்துக்கு இதைவிட அதிகம் கொடுத்து, படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான். அதில் அவனுக்கு அநியாயம் தெரியவில்லை. நம் ஊர்ச் சமையல் என்றால் மட்டும் விலை உறுத்துகிறது. ஏன்? அது நமக்கு இதுவரை சும்மா கிடைத்தது. இருபது வருஷமாக என் வீட்டிலும் அப்படித்தான். கிரைண்டர் வருவதற்கு முன்னால் ஆட்டுக்கல் முன் உட்கார்ந்த என் மனைவிக்குத் தோள்வலி வந்தபோது தைலம் வாங்கிக் கொடுத்தேன். பணியாரத்தை நிறுத்தச் சொல்லவில்லை. 'சும்மா' என்ற சொல்லை என் மருமான் எங்கள் வீட்டில்தான் கற்றுக்கொண்டிருக்கிறான்.

விடுதி முதலாளியும் அவ்வகை வீட்டில்தான் வளர்ந்திருப்பார். சும்மா வந்ததற்குப் பெயர் எதற்கு என்று அவரும் நினைக்கிறார். அவர் வாங்கிய ஏழாயிரத்தை நான் ஆட்சேபிக்கவில்லை. அதில் உள்ளே நிற்கும் அக்காவுக்கு எவ்வளவு என்று கேட்க எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. பெயர் என்ன என்று கேட்க நிச்சயம் உண்டு.

வெளியே வரும்போது அபிப்பிராயம் எழுத ஒரு அட்டை நீட்டினார்கள். உணவு, சுத்தம், உபசரிப்பு என்று ஐந்து நட்சத்திரங்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டேன். கீழே காலியாக இருந்த இடத்தில், "பணியாரம் ஊற்றியவரின் பெயரைத் தெரிவிக்கவும்" என்று எழுதி, என் டெலிபோன் நம்பரும் கொடுத்தேன்.

ஞாயிறு தோறும் செய்தி வருகிறது. தள்ளுபடி பத்து சதவிகிதமாம்.