கூரை மாற்ற எத்தனை நாள்?

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் மும்பையில் தமிழர்கள் வாழும் பகுதிகளில் எல்லாம் ஒரே கேள்விதான் காதில் விழும். தாராவியானாலும், சயான் கோலிவாடாவானாலும், செம்பூரானாலும், "கூரை மாற்ற எத்தனை நாள் ஆகும்?" என்பதே அந்தக் கேள்வி.

மிஸ்திரியைக் கேட்டால், "இரண்டு நாள்" என்பார். கூரையை மாற்றி முடித்த வீட்டுக்காரரைக் கேட்டால், "இரண்டு வருஷம் ஆயிற்று" என்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் வேலைக்குக் கணக்குச் சொல்கிறார். மற்றவர் தயக்கத்தையும் சேர்த்துக் கணக்குச் சொல்கிறார்.

ஆண்டுதோறும் மழைக்காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் படும் பாட்டுக்குக் காரணம் இந்த இரண்டாவது கணக்குதான்.

வேலைக்கு வேண்டிய நாள்

பத்துக்குப் பதினைந்து அடியில் ஒரு கோலி. மேலே சிமெண்டு பத்ரா. ஒரு மிஸ்திரியும் இரண்டு கையாட்களும் வந்தால் பழைய பத்ராவைக் கழற்றி இறக்க அரை நாள் போதும். அடியில் உள்ள மரச்சட்டமோ இரும்புக் குழாயோ நன்றாக இருந்தால், புதிய பத்ராவை ஏற்றி, கொக்கி போல்ட் முடுக்கி, வாஷர் வைத்து, தார் பூச இன்னும் ஒரு நாள். சட்டம் உளுத்துப் போயிருந்தால் அதை மாற்ற மேலும் ஒரு நாள். எப்படிப் பார்த்தாலும் மூன்று நாளில் முடிந்துவிடும்.

ஓட்டு வீடானால், ஓட்டைப் பிரித்து, பாசியைச் சுரண்டி, உடைந்ததை ஒதுக்கி, ரீப்பர் மாற்றி மறுபடி வேய நாலைந்து நாள் பிடிக்கும்.

கல்யாண், அம்பர்நாத் பக்கம் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் பழைய கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் தளம் போடுகிறார்கள். அதற்கு மட்டும் அவசரம் ஆகாது. பிரிக்க, சென்டரிங் அடிக்க, கம்பி கட்ட ஒரு வாரம் போகும். கான்கிரீட் போடுவது ஒரே நாள். சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். முட்டுகளை எப்போது எடுக்கலாம் என்பதற்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. சாதாரண சிமெண்டில் போட்ட தளத்தின் அகலம் 4.5 மீட்டருக்குள் இருந்தால் 7 நாள், அதற்கு மேல் போனால் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாள். கான்கிரீட்டின் பலத்தைக் கணக்கிடுவதே 28-வது நாளில்தான். மொத்தத்தில் மூன்று முதல் ஐந்து வாரம். "பத்தே நாளில் முடித்துச் சாவியைத் தருகிறேன்" என்று சொல்லும் காண்ட்ராக்டரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆக, மூன்று நாள் வேலை அல்லது ஐந்து வார வேலை. இதற்கு ஏன் இரண்டு ஆண்டு ஆகிறது?

நாள் எங்கே போகிறது?

முதல் காரணம் பணம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. தினக் கூலிக்காரருக்குப் பத்ரா விலையை ஒரே நாளில் எடுத்து வைப்பது எளிதல்ல.

இரண்டாவது காரணம், "கட்டடம் வரப் போகிறதே, இப்போது எதற்குச் செலவு?" என்ற எண்ணம். தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2004-ல் அறிவிக்கப்பட்டது. டெண்டர்கள் வந்தன, போயின. கடைசியில் 2022-ல்தான் அது ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. இடையில் 18 மழைக்காலம். புதுக் கட்டடத்தை நம்பிப் பழைய கூரையைத் தொடாமல் விட்டவர்கள் அத்தனை மழையிலும் சட்டி வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். கட்டடம் வரட்டும், நல்லதுதான். ஆனால் வரும் வரைக்கும் தலைக்கு மேல் ஒன்று வேண்டுமே!

மூன்றாவது, வாடகை வீட்டுத் தகராறு. "என் வீடா இது? நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று குடியிருப்பவர் இருக்கிறார். "வாடகையை ஏற்றித் தா, பிறகு பார்க்கலாம்" என்று வீட்டுக்காரர் இருக்கிறார். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-ன்படி வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைப்பது உரிமையாளரின் கடமை. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் வாடகைதாரர் நோட்டீஸ் கொடுத்து 15 நாளுக்குள் பழுது பார்க்கப்படாவிட்டால், தாமே செய்து கொண்டு வாடகையில் கழித்துக் கொள்ளலாம். ஓராண்டில் கழிக்கும் தொகை அந்த ஆண்டு வாடகையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இப்படி ஒரு வழி இருப்பது குடியிருப்போரில் பலருக்குத் தெரியாது.

நான்காவது, சொசைட்டி. மொட்டை மாடி ஒழுகினால் மேல் மாடிக்காரர் மட்டுமே நனைகிறார். கீழ் மாடிக்காரருக்கு அது தெரிவதில்லை. மாடியிலிருந்து இறங்கும் மழை நீர்க் கசிவை நிறுத்துவது சொசைட்டியின் பொறுப்பு என்று மாதிரி விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் பெரிய செலவுக்குப் பொதுக்குழு சம்மதிக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்குழு செப்டம்பர் 30-க்குள் கூடுவது வழக்கம். ஒழுகல் கண் முன்னே இருக்கும் அந்த நேரத்தில் தீர்மானம் போடாவிட்டால் அடுத்த மழைதான். மாடியில் பழைய கோபாவைப் பெயர்த்து, புதிதாகப் போட்டு, தண்ணீர் நிறுத்திச் சோதித்து முடிக்கப் பல வாரங்கள் வேண்டும். அந்த வேலையை மே மாதத்தில் தொடங்குவது பரீட்சை மண்டபத்தில் போய்ப் பாடம் படிப்பது போல.

ஊர்ப் பயணமும் ஒரு காரணம்

ஐந்தாவது காரணம் தமிழர்களுக்கே உரியது. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக்கூடம் விடுமுறை. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து. குடும்பத்தோடு ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஜூன் வந்துவிடும். கையிலிருந்த பணம் ஊரிலேயே கரைந்திருக்கும். மும்பைக்கு வந்து இறங்கினால் மேலே கருமேகம்.

ஊருக்குப் போவது தவறு என்று யார் சொல்ல முடியும்? அந்த உறவை அறுத்துக் கொண்டு இங்கே வாழ முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் ரெயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. அந்த நாளை விரல் விட்டு எண்ணி, காலை எட்டு மணிக்கு முன்பே ஜன்னலில் வந்து நிற்கிறார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் இடம் போய்விடும் என்று தெரியும். இரண்டு நாள் பயணத்துக்கு இத்தனை முன்னேற்பாடு. நாலு மாத மழைக்கு ஒன்றுமில்லை.

மழை தேதி பார்ப்பதில்லை

மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11. ஆனால் 2025-ல் மே 26-ந் தேதியே வந்துவிட்டது. 75 ஆண்டுகளில் அவ்வளவு முன்னதாக வந்ததில்லை. "இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே" என்று பத்ராவைக் கழற்றி வைத்திருந்தவர்களின் கதி என்ன ஆகியிருக்கும்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாந்தாகுருசில் சராசரியாக 2,200 மில்லி மீட்டருக்குக் குறையாமல் பெய்கிறது. 2005 ஜூலை 26-ந் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் மட்டும் 944 மில்லி மீட்டர் கொட்டியது. இந்த மழைக்கு நீலத் தாட்பத்ரி எத்தனை நாள் தாங்கும்?

நனைவது பாயும் தலையணையும் மட்டும் அல்ல. பிள்ளைகளின் புத்தகம் நனைகிறது. ரேஷன் அட்டை, பழைய மின்சாரக் கட்டண ரசீது, போட்டோ பாஸ் எல்லாம் நனைகின்றன. 2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கு குடியிருந்ததாகக் காட்ட இந்தக் காகிதங்கள்தான் சாட்சி. புது வீட்டை நம்பிக் கூரையை மாற்றாமல் விட்டவருக்கு, அந்தப் புது வீட்டை வாங்கித் தரும் காகிதமே கூரை ஒழுகிக் கூழாகிப் போனால் அதைவிடக் கொடுமை உண்டா?

அவசர வேலையில் உயிருக்கும் ஆபத்து இருக்கிறது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் பத்ரா ஆள் கனம் தாங்காது. பலகை போடாமல் ஏறினால் உடைந்து ஆளோடு கீழே வரும். மழைத் தூறலில் வழுக்கும்போது கேட்கவே வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டு போகும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. பத்ராவை நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். உடைந்த துண்டுகளைப் பிள்ளைகள் விளையாடும் சந்தில் போடக் கூடாது. நேரம் இருப்பவர்தான் இதையெல்லாம் கவனிப்பார். மேகத்தைப் பார்த்துக் கொண்டே வேலை செய்பவர் சம்மட்டியால் அடித்து நொறுக்கத்தான் செய்வார்.

என்ன செய்யலாம்?

வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பார்கள். அக்டோபரில் மழை விடுகிறது. ஒழுகின இடத்தின் கறை அப்போது உள்ளே நன்றாகத் தெரியும். அன்றே கரியால் குறி வைத்துவிட வேண்டும். தீபாவளி போனஸ் கிடைப்பவர்கள் அதில் ஒரு பங்கைக் கூரைக்கென்று ஒதுக்கலாம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மிஸ்திரிகளுக்கு நெருக்கடி குறைவு. பேரம் பேசலாம். மே மாதத்தில் அவர் சொன்னதுதான் கூலி.

போனஸ் இல்லாதவர்களுக்குச் சீட்டு இருக்கிறது. நகைக்கும் கல்யாணத்துக்கும் சீட்டுப் போடுகிறவர்கள் கூரைக்கும் போடலாம். ஒரு வரிசையில் உள்ள பத்து வீட்டார் சேர்ந்து அக்டோபரில் தொடங்கினால் மாதம் ஒரு வீடாக அல்லது இரு வீடாக மழைக்கு முன் பல கூரைகள் மாறிவிடும். பத்ராவை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், டெம்போ வாடகையும் மிச்சம். பக்கத்து வீட்டுத் தண்ணீர் நம் சுவரில் இறங்குகிறது என்ற சண்டையும் தீரும். பொங்கல் விழாவுக்கு வீடு வீடாக வசூல் செய்யும் சங்கங்கள் இந்த வேலையையும் கையில் எடுத்தால் மக்கள் வாழ்த்துவார்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. மிக ஆபத்தான பழைய கட்டடங்களின் பட்டியல் ஆண்டுதோறும் மழைக்குச் சற்று முன்னால் வெளியாகிறது. அந்த நேரத்தில் "காலி செய்" என்றால் பிள்ளை குட்டிகளோடு எங்கே போவது? அதே பட்டியலை ஜனவரியில் வெளியிட்டால் பழுது பார்க்கவும், மாற்று இடம் தேடவும் அவகாசம் கிடைக்குமே.

கூரை மாற்ற எத்தனை நாள் என்ற கேள்வியை மே மாதத்தில் கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. மழை விட்ட மறுநாள் ஏணி போட்டு ஏறிப் பார்க்கிற வீட்டுக்குத்தான் மிஸ்திரி சொல்லும் இரண்டு நாள் உண்மையிலேயே இரண்டு நாளாக இருக்கும்.