கூட்டினால் ஒன்பது

அப்பாவின் மோரிஸ் மைனர் காரைக் கெடுத்தது நான்தான். ஈப்போவிலிருந்து தைப்பிங் போகும் பழைய சாலையில், ரேடியேட்டர் தண்ணீரைப் பார்க்காமல் ஓட்டினேன். கோலகங்சார் தாண்டியதும் முன்பக்கம் முழுக்க ஆவி. அதோடு இஞ்சின் நின்றுவிட்டது.

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த அப்பா, 1960ஆம் ஆண்டுக் காரான அதை 1971இல் வாங்கினார். 948 சிசி, நான்கு சிலிண்டர், 37 குதிரைத்திறன். இன்றைய மைவியின் பாதி சக்திகூடக் கிடையாது. ஆனால் நாங்கள் ஐந்து பேரும் அதில்தான் ஊர் ஊராகப் போனோம்.

பட்டறைக்கார அண்ணன் இஞ்சினைப் பிரித்துப் பார்த்தார். "ஹாஃப்கட் கடையில ஜப்பான் இஞ்சின் கிடைக்கும் தம்பி. அதைப் போட்டுடலாம், செலவும் மிச்சம்."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அப்பாவுக்கு இப்போது பேரப்பிள்ளைகளின் பெயர்கூடச் சில நாள் நினைவில் நிற்பதில்லை. அந்தக் காரின் சத்தம் கேட்டால் மட்டும் வாசலுக்கு வந்துவிடுவார். "பழையதையே கட்டுவோம் அண்ணே" என்றேன்.

நான்கு மாதம் ஆனது. சனிக்கிழமைதோறும் நானும் பட்டறையில் நின்றேன். முதல் வேலை அளப்பதுதான். சிலிண்டர்களின் மேல்பகுதி அதிகம் தேய்ந்திருந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பிஸ்டன்களைப் போட்டோம். ஹெட்டின் ஒன்பது நட்டுகளையும் நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். ஒரே பக்கமாக இறுக்கினால் ஹெட் வளைந்துவிடும்.

கடைசியாக வால்வு இடைவெளி. அன்று அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே 0.012 அங்குலத் தகடு நுழைய வேண்டும். இஞ்சினைக் கையால் சுற்றிக்கொண்டே, எந்த வால்வை எப்போது பார்ப்பது என்று நான் குழம்பினேன்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார்: "எட்டு முழுசா திறந்திருந்தா ஒண்ணைப் பாரு. மூணு திறந்திருந்தா ஆறு. கூட்டினா ஒம்பது வரணும்டா."

எட்டு வால்வுக்கும் அந்தக் கணக்கு பொருந்தியது. "வாத்தியார் சரியாத்தான் சொல்றாரு" என்றார் அண்ணன். நான் குனிந்து தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது முயற்சியில் இஞ்சின் பிடித்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யாரு காரு இது?"

"உங்க காருதாம்பா."

அவர் நம்பவில்லை. "யாரோ நல்லா வச்சிருக்கான்" என்றார்.

அந்தப் பாராட்டுக்கு நான் இன்னும் தகுதி பெறவில்லை. ஞாயிறுதோறும் காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்க்கிறேன். அப்படியே எண்ணெயும். ஐந்து நிமிட வேலைதான். உங்கள் வீட்டுக் காரையும் இந்த வாரம் ஒருமுறை பாருங்களேன்.